கடைசிச் சீட்டில் கவிழ்ப்பதா, பார்ப்பதா: உடப்புக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐந்தாவது சீட்டும் திறந்தாகிவிட்டது. இனிச் சீட்டு வராது. போக்கர் ஆடுகிறவர்கள் இந்தக் கட்டத்தை ரிவர் என்பார்கள். நடுவில் எவ்வளவு குவிந்து கிடக்கிறதோ அதே அளவு தொகையை எதிரே இருப்பவர் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, வெற்றிலை மடிக்கத் தொடங்குகிறார். நம் கையில் நடுத்தரமான ஒரு சோடி. போட்டுப் பார்ப்பதா, கவிழ்ப்பதா? இதைவிடச் சிறிய கேள்விகளுக்கெல்லாம் பல்கலைக்கழகங்களில் பீடம் இருப்பதால் இவ்வாய்வுக்குத் தனியாக நியாயம் சொல்லத் தேவையில்லை.

ஆய்வுக் களம், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முந்தல் களப்புமாகக் கிடக்கும் உடப்பு. தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் கரைவலை மேலே ஏறும், மீனவர் வாடிக்குள் சீட்டு இறங்கும். இலங்கை முழுவதும் போலவே வழக்கமான ஆட்டம் முந்நூற்று நாலுதான். 32 சீட்டு, ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11. கவிழ்த்து வைத்த துருப்பும் உண்டு, தைரியமாகக் கூட்டிக் கேட்கிற கேள்வியும் உண்டு. ஆனால் எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறான். தோற்றால் பழி சுமக்க ஆள் தயார். போக்கரில் அந்த வசதி கிடையாது என்பதே அதன் முதற் கொடுமை.

1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்துக்கு மரியாதை செய்து, ஆய்வாளர்கள் போக்கருக்குக் காசுக்குப் பதில் சிப்பி வைத்தார்கள். இதில் ஒரு முறையியற் குறை உண்டு: எழுந்து பத்தடி நடந்தால் கரை முழுக்க மூலதனம்.

இனிக் கணக்கு. நடுவில் 100 சிப்பி கிடக்க, அவர் 100 தள்ளினால், நாம் 100 போட்டு 200ஐ எடுக்கப் பார்க்கிறோம். மூன்று தடவையில் ஒரு தடவை அவர் புளுகினாலே நமக்கு நட்டமில்லை. 50 தள்ளினால் நாலில் ஒன்று போதும். 200 தள்ளினால் ஐந்தில் இரண்டு வேண்டும். எவ்வளவு பெரிய தொகையைத் தள்ளினாலும் இந்த விகிதம் பாதியைத் தொடுவதில்லை. ஆகப் பெரிய பந்தயத்தைக் கண்டு வரும் பயத்துக்குக் கணிதத்தில் இடம் குறைவு, வயிற்றில்தான் அதிகம். 1944இல் ஃபான் நோய்மனும் மோர்கன்ஸ்டெர்னும் சேர்ந்து எழுதிய பெருநூலில் போக்கருக்கே ஒரு பகுதி ஒதுக்கி, நல்ல ஆட்டக்காரன் இடைக்கிடை புளுகித்தான் ஆகவேண்டும் என்று நிறுவினார்கள். ஒருபோதும் புளுகாதவன் நல்ல சீட்டோடு தள்ளும்போது யாரும் போட்டுப் பார்க்க மாட்டார்கள். வாடிக்குள் இருப்பவர்கள் இதற்கு நூல் படிக்கவில்லை.

முன்னோடி ஆய்வாளர் என்று ஒருவரைச் சொல்வதானால் தருமபுத்திரர்தான். உடப்பில் திரௌபதி அம்மன் கோயில் ஆடித் திருவிழா 18 நாள் நடந்து தீமிதிப்பில் முடிகிறது. எனவே இந்த ஆட்டக்காரரின் வரலாறு இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாடு போனது, தம்பிமார் போனார்கள், தானும் போனார், அதன் பிறகு மனைவியை வைத்தார். மேசையில் இருப்பதற்கு மேல் வைக்கக்கூடாது என்ற போக்கர் விதி ஒன்று அத்தினாபுரத்தில் இருந்திருந்தால் குருசேத்திரமே நடந்திராது. தன்னை இழந்தவர் என்னை எப்படி வைத்தார் என்று திரௌபதி கேட்டது விதிமுறை பற்றிய சுத்தமான கேள்வி. சபையில் பெரியவர்கள் பலரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதைவிட வியப்பு, இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்து ஊருக்குப் போகிற வழியில் மறுபடி கூப்பிட்டதும் மனிதர் திரும்பி வந்தது. 12 வருடம் காடு, ஒரு வருடம் ஒளிவு என்ற பந்தயத்துக்கு எந்த விகிதத்தைப் பார்த்தார் என்பது இன்றுவரை விளங்கவில்லை. என் ஊகம்: எதிராளி என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். கடைசிச் சீட்டில் போடுகிற பத்துப் பேரை விசாரித்தால் பத்துப் பேரும் கணக்குச் சொல்வார்கள். நான் நம்புவதில்லை.

வெற்றிலைக்கு வருவோம். நல்ல சீட்டு இருப்பவர் காம்பைக் கிள்ளி, நரம்பை நகத்தால் சீவி, சுண்ணாம்பை ஒரு தடவை தடவுகிறார். புளுகுகிறவர் தடவிய இடத்திலேயே மறுபடி தடவுகிறார். வாய் வெந்துபோகும் என்பதும் அவர் நினைவில் இருப்பதில்லை. இந்தக் கண்டுபிடிப்பு வெளியே கசிந்த மறுநாளே, நல்ல சீட்டுக்காரர்களும் இரண்டு தடவை தடவத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு மாறியை மட்டும் விட்டுவிட முடியாது: உறவுமுறை. துரியோதனனுக்காகக் காய் உருட்டிய சகுனி அவனுக்குத் தாய்மாமன். வாடியில் சுற்றியிருப்பவர்களும் பாதிப்பேர் மாமன், மீதிப்பேர் மச்சான். மச்சான் தள்ளினால் விகிதம் பார்த்துப் போடலாம். எப்படி முடிந்தாலும் சிரிப்பில் முடியும். மாமா தள்ளினால் அப்படியில்லை. அவர் புளுகுகிறார் என்று அடித்துச் சொல்ல முடிந்தாலும், “மாமா, காட்டுங்க” என்று கேட்டு, அவர் வெறும் சீட்டை எல்லோர் முன்னாலும் திறந்து வைத்த பிறகு, அடுத்த பருவத்தில் அவர் வலைக்குக் கயிறு இழுக்க நம்மை யார் கூப்பிடுவார்? 1944ஆம் ஆண்டு நூலில் இந்தச் செலவுக்குக் குறியீடு இல்லை. எனவே மாமா தள்ளினால் கவிழ்க்கவும். கலியாண வயதில் மகள் உள்ள, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மாமா என்றால், நாலு ஆசு வந்திருந்தாலும் கவிழ்க்கவும்.