அஞ்சறைப் பெட்டியில் சுறாப்பல்

ஃபுளோரிடாவின் வெனிஸ் கடற்கரையில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால், ஊரே மூக்குத்தியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது என்றுதான் நினைப்பீர்கள். கடலைப் பார்க்கிறவர் ஒருவர் இல்லை. வழுக்கைத் தலை, தொப்பித் தலை, கொண்டைத் தலை எல்லாம் குனிந்த தலை. சிலர் கையில் நீளக் கைப்பிடி வைத்த கம்பிக் கூடை. பனியே விழாத ஊரில் அதற்குப் 'பனி வாரி' என்று கேலிப் பெயர். அலை பின்வாங்கும் இடத்தில் அதைக் குத்தி, மணலை அலசி, மிச்சத்தை உள்ளங்கையில் கொட்டிக் கிளறுகிறார்கள். தேடுவது சுறாப்பல். இன்றைக்கு நீந்திக்கொண்டிருக்கும் சுறாவின் பல் இல்லை. கல்லாகிப் போன பல். 'உலகத்தின் சுறாப்பல் தலைநகரம்' என்று அந்த ஊர் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. பட்டம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே என்பதில் நம்மூர் வழக்கத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இந்தக் குனிந்த கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. எண்ணிக்கைக்காரர், நிறக்காரர். எண்ணிக்கைக்காரர் சாது. வெனிஸில் கிடைக்கிற பல் பெரும்பாலும் கறுப்பு. அதைப் பொறுக்கி ஊறுகாய் ஜாடியில் நிரப்பி, ஜாடி நிறைந்ததும் அடுத்த ஜாடி வாங்குவார். வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடில்லை. நிறக்காரருக்குக் கறுப்புப் பல் என்றால் கல்யாணப் பந்தியில் தண்ணீர் டம்ளர் மாதிரி. இருக்கும், கண்ணில் படாது. அவருக்கு நீலம் வேண்டும், ரோஸ் வேண்டும், மஞ்சள் வேண்டும், பச்சை ஓடிய சாம்பல் வேண்டும்.

நிறக்காரர் ஒருவரைக் கிட்டே இருந்து பார்க்கும் பாக்கியம், டாம்பாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் கிடந்தபோது எனக்கு வாய்த்தது. திருச்சிக்காரர். நாற்பத்தாறு வயது, வங்கி மென்பொருள் வேலை. எட்டு வருஷத்துக்கு முன்பு வரை அவர் நல்ல மனுஷராக இருந்தார் என்று அவர் மனைவி சொல்கிறார். மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணைக்குப் போனவர் ஒரு பல்லோடு திரும்பினார். மகள் அன்று மாலையே அதை மறந்துவிட்டாள்.

முதல் சந்திப்பிலேயே, காபி வருவதற்கு முன், என் உள்ளங்கையில் ஒரு பல்லை வைத்தார். முக்கோண வடிவம், என் கட்டை விரலைவிடப் பெரிது, ஓரத்தில் ரம்பம் போல் பொடிப் பொடியாக வெட்டு.

"சார், இது என்ன கலர், சொல்லுங்க."

"நீலம்" என்றேன்.

கச்சேரி முடிந்ததும் வித்வானிடம் போய் 'பாட்டெல்லாம் நல்லா இருந்துது' என்றால் அவர் முகம் எப்படிப் போகும்? அப்படிப் போயிற்று.

"நீலம்னா... எந்த நீலம்?"

நான் முழித்தேன். அவரே இங்கிலீஷில் மூன்று பெயர் சொல்லிப் பார்த்தார். மூன்றும் அவருக்கே பிடிக்கவில்லை. அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "எம்.எஸ். ப்ளூங்க அது. எத்தனை தடவை சொல்றது?"

அவர் தோற்ற இடத்தில் பட்டுக்கடைதான் கைகொடுத்தது என்று பிறகு புரிந்துகொண்டேன். மயில்கழுத்து, மாந்துளிர், வெங்காயச் சருகு, அரக்கு, பாக்கு, கிளிப்பச்சை என்று பல்லுக்கெல்லாம் புடவைப் பெயர் வைத்திருக்கிறார். பெயர் மட்டுமா? பல்லின் மேல்பாகம் அவருக்கு 'உடல்'. வேர் 'முந்தானை'. மெகலோடான் என்ற ராட்சசச் சுறாவின் பல்லில் இரண்டுக்கும் நடுவே கறுத்த பட்டை ஒன்று ஓடும். உலகமெல்லாம் அதை 'பூர்லெட்' என்கிறது, இவர் 'பார்டர்' என்கிறார். உடல் ஒரு நிறம், முந்தானை ஒரு நிறம், பார்டர் மங்காமல் இருந்துவிட்டால் அன்றைக்கு அவர் அலுவலகக் கூட்டத்தில் யார் திட்டினாலும் சிரிப்பார்.

பார்க்கிற முறையும் புடவைக்கடை முறைதான். விளக்கு வெளிச்சத்தை நம்பமாட்டார். பல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை, கையைத் தள்ளி வைத்து ஒரு தடவை. இதையே ஜவுளிக்கடையில் மனைவி செய்தபோது அரை மணி நேரத்துக்குள் பன்னிரண்டு தடவை கடிகாரம் பார்த்தவர் இவர்.

அடுத்தது ஈரம். கல்லான பல் நனைந்தால்தான் நிறம் எழும்பும். உலர்ந்ததும் பாதி போய்விடும். அதனால் நிறக்காரர் மேசையில் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். குடிப்பதற்கு இல்லை. ஆற்றங்கரையில் டம்ளர் இல்லாதபோது சிலர் நாக்கால் ஒரு நக்கு நக்கியே பார்த்துவிடுகிறார்கள். கோடி ஆண்டு ஆன பொருளுக்குக் காலாவதித் தேதி ஏது? விற்பவர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். படத்தில் பல் பளபளவென்று இருக்கும், பெட்டி வந்து பிரித்தால் வெளுத்த செங்கல். விலை சில நூறு டாலரில் ஆரம்பித்து ஆயிரங்களுக்குப் போகும். உடைந்த வேருக்கு மாவு பூசி, வர்ணம் தீட்டி, பல்லுக்கே பல்செட் கட்டி விற்கிறவர்களும் உண்டு. நம்ம ஆளும் அப்படி ஒன்றில் ஏமாந்தவர். ஒரு கழுவலில் பல்லே பல்லிளித்துவிட்டது. அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது வீட்டில் இன்றுவரை வெளிவராத செய்தி. எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

பல்லை நனைப்பது புதுப் பழக்கமும் இல்லை. ஐரோப்பாவில் இந்தக் கற்களை ஒரு காலத்தில் பாம்பு நாக்கு என்று நம்பினார்கள். மால்ட்டா தீவில் புனித பவுலின் சாபத்தால் பாம்புகளின் நாக்கு கல்லாயிற்று என்று கதை. பிரபுக்கள் விஷத்துக்குப் பயந்து ஒயினில் முக்கி எடுத்துவிட்டுக் குடித்தார்கள். 1666இல் லிவோர்னோ பக்கம் பிடித்த பெரிய சுறாவின் தலை ஃபுளோரன்ஸுக்கு வர, அங்கிருந்த டென்மார்க்காரர் நிக்கோலஸ் ஸ்டீனோ அதை அறுத்துப் பார்த்து, நாக்குக்கல் சுறாப்பல்தான் என்று மறு வருஷம் எழுதினார். அந்தத் தலையில் இருந்த பல் என்ன நிறம் என்று நம்ம ஆளுக்குக் கவலை. வெள்ளைதான். செத்த அன்றைக்கு எல்லாச் சுறாவுக்கும் வெள்ளைப் பல்தான்.

இந்த இடத்தில் நிறக்காரரின் மென்மையான பகுதியைத் தொட்டுவிட்டோம். நிறத்துக்கும் சுறாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுறாவுக்கு எலும்பு கிடையாது. குருத்தெலும்புதான், அது மக்கிப் போகும். பல் மட்டும் வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு சுறா ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். உதிர்ந்தது எந்தச் சேற்றில் புதைந்ததோ அந்தச் சேற்றின் தாது உள்ளே இறங்கிச் சாயம் போடுகிறது. இரும்பு அதிகம் என்றால் செம்மை, பாஸ்பேட் சேறு என்றால் பெரும்பாலும் கருமை. ஒரே வாயிலிருந்து விழுந்த இரண்டு பல், இரண்டு இடத்தில் கிடந்தால் இரண்டு நிறம். சாயப்பட்டறை மண்ணுடையது. சுறா வெறும் நூல் கொடுத்தது. இதைச் சொன்னால் அவர் "தெரியும் சார்" என்பார். ஜாதகம் பொய் என்று தெரியும், ஆனாலும் பொருத்தம் பார்த்துவிடலாமே என்கிற அதே குரல்.

அந்தச் சாயப்பட்டறைகளில் பெரிய பட்டறை, டாம்பாவுக்குக் கிழக்கே இருக்கிற 'போன் வேலி' என்ற எலும்புப் பள்ளத்தாக்கு. டி.ஏ.பி. உர மூட்டைக்கு வேண்டிய பாஸ்பேட்டுக்காக அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாகத் தோண்டுகிறார்கள். மயில்கழுத்தும் எம்.எஸ். ப்ளூவும் அங்கேதான் வெளிப்பட்டன. வெளி ஆளைச் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். ஆகவே அந்தப் பாறையையே அரித்துக்கொண்டு ஓடுகிற பீஸ் ஆற்றுக்கு ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மழை இல்லாத மாதங்களில்தான் அந்த ஆறு மனிதன் இறங்குகிற ஆழத்தில் இருக்கும். தண்ணீர் ஆறிப்போன டீ நிறம். இடுப்பளவில் நின்று மண்வெட்டியால் அடிச் சரளையைக் கோரி, மிதக்கும் சல்லடையில் கொட்டிச் சலித்தார். கரையில் மரக்கட்டை ஒன்று கிடந்தது. கண்ணை மூடித் திறந்தது.

"முதலை" என்றேன்.

"அலிகேட்டர், சார். அது பாட்டுக்கு இருக்கும். நம்மளை ஒண்ணும் பண்ணாது."

"பல் இருக்குமே?"

"இருக்கும். ஆனா கலர் இருக்காது." சிரிக்காமல் சொன்னார்.

நான் கரையேறிக் கட்டுச்சோற்று மூட்டைக்குக் காவல் இருந்தேன். ஃபுளோரிடாவில் அரசுக்குச் சொந்தமான இடங்களில் மற்ற முதுகெலும்பிப் புதைபடிவங்களை எடுக்க அரசு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் வேண்டாம். நம்ம ஆள் மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான் சட்டம் எழுதினார்கள் போலும்.

திரும்பி வரும்போது காரில் ஒரு குண்டு போட்டேன். "உங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரத்துல காரைன்னு ஒரு கிராமம், தெரியுமா? பெரம்பலூர் போற பக்கம்."

"தெரியும். எங்க பெரியப்பா சம்பந்தி ஊரு பக்கம்."

"அங்க செம்மண் ஓடையில பத்துக் கோடி வருஷத்துக்குக் கிட்ட ஆன சுறாப்பல் கிடைச்சிருக்கு. அரியலூர் வரைக்கும் அந்தக் காலத்துல கடல். கே, கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்காரங்க புதுச்சேரி வட்டாரத்துல பொறுக்கின மீன் மிச்சத்தைப் பத்தி லண்டன்ல 1845லயே எழுதியாச்சு."

இரண்டு மைல் பேசவில்லை. பொறியியல் கல்லூரிக்கு நாலு வருஷம் அந்த வழியாகவே பஸ்ஸில் போனவராம். ஜன்னல் சீட்டில் தூங்கிக்கொண்டே போனவராம். பத்தாயிரம் மைல் வந்து அடுத்த நாட்டு ஆற்றைச் சலிக்கிறவருக்கு இது தாங்காது என்று எனக்கே பாவமாக இருந்தது. மூன்றாவது மைலில் வாயைத் திறந்தார்.

"கலர் எப்படி சார் வரும்?"

வீட்டில் அவருக்கு ஒரே எதிர்க்கட்சி, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. "விழுந்த பல்லைக் கூரை மேல எறிவாங்க. இவன் ஊரான் பல்லையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கான்" என்று என்னிடம் முறையிட்டார். சுறா என்றால் அந்த அம்மாவுக்குப் பிள்ளை பெற்றவளுக்குச் செய்து போடும் புட்டுதான். அதற்கு மேல் அந்த மீனிடம் அவருக்கு வேலையில்லை. முறையீட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரிலிருந்து அவர் சுமந்து வந்த எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியைக் காணோம்.

அது படிப்பறையில் இருந்தது. ஏழு கிண்ணம், ஏழு நிறம். மஞ்சள்தூள் இருந்த கிண்ணத்தில் மஞ்சள் பற்கள். மிளகாய் வற்றல் இடத்தில் அரக்கு. சீரகத்தில் சாம்பல். வெந்தயத்தில் தேன் நிறம். உளுந்துக் கிண்ணத்தில் பழுப்பு வெள்ளை. கடுகுக் கிண்ணத்தில், கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்த மிளகளவுக் கறுப்புப் பற்கள். நடுக்கிண்ணம் காலி. ரோஸ் பல்லுக்காகக் காத்திருக்கிறதாம்.

அம்மா விடவில்லை. இரண்டு நாள் உபவாசம் மாதிரி ஒன்று நடந்தது. கடைசியில் சமரசம்: பெட்டி அடுக்களைக்கு வராது, ஆனால் கடுகுக் கிண்ணத்தை மட்டும் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். அவரும் பெரிதாக வருத்தப்படவில்லை. கறுப்புதானே, போகட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். அம்மா கழுவினாரா, அப்படியே கடுகைக் கொட்டினாரா என்பது பிற்பாடு குடும்பத்தில் விவாதமாயிற்று.

மறுநாள் மதியம் எனக்கு அங்கே சாப்பாடு. பீன்ஸ் பொரியல், தேங்காய் தூக்கலாக, வெடித்த கடுகு பளபளக்க. இரண்டாவது வாயில் கடக்கென்று ஒரு சத்தம். என் பல்தான் போயிற்று என்று நாக்கால் துழாவினேன். என் பல்லெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கூடுதலாக ஒன்று இருந்தது. எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். அம்மா தலையில் கை வைத்தார். மனைவி, "ஏங்க, அவருக்கு ஒண்ணும் ஆகலையான்னு கேளுங்க" என்றார்.

அவர் என்னைக் கேட்கவில்லை. எச்சில் இலை என்றும் பார்க்காமல் அதை இரண்டு விரலில் எடுத்து, ஜன்னலுக்கு ஓடி, வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"அடடா... கறுப்புன்னு ஒதுக்கிட்டேனே! சார், இங்க வாங்க. எண்ணெய்ல ஓரம் எப்படி நீலம் அடிக்குது பாருங்க!"