சைக்கிள் சூத்திரம்: மூலமும் உரையும்

தொலைவும் காற்றும் துரத்தும் நாயும்
வலப்புறத் திருப்பமும் வடையும் என்றாங்கு
ஐந்தும் ஆய்ந்தே அழுத்துக பெடலே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தாம்பரத்திலிருந்து கிண்டிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போவோர் வழி தேருமாறு உணர்த்துதல் நுதலிற்று.

தொலைவு: வழிகள் மூன்று. ஜிஎஸ்டி சாலை நேரே போகும். மேடவாக்கம், வேளச்சேரி வழி நல்ல சுற்று. ஆனால் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வழியில் வரும். கூடவே பெருங்குடிக் குப்பைமேடும் வரும். கண் நின்று பறவை பார்க்கச் சொல்லும், மூக்கு உடன்படாது. மூன்றாவது, தண்டவாளத்துக்குக் கிழக்கே சிட்லபாக்கம், அஸ்தினாபுரம், கீழ்க்கட்டளை, மூவரசம்பட்டு, நங்கநல்லூர், ஆதம்பாக்கம் எனத் தெருத்தெருவாகப் போவது. இதற்குப் பெயர் கிடையாது. கேட்டால், "உள்ளாறயே போயிடுங்க சார்" என்பார்கள்.

காற்று: கிண்டி இருப்பது தாம்பரத்துக்கு வடகிழக்கே. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் அங்கிருந்தே வருவதால் வேலைக்குப் போகையில் எதிர்க்காற்று. அதன் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பது இயற்பியல். அலுவலகத்துக்குத் தாமதமாக வந்ததற்கு இதைக் காரணமாகச் சொன்னால் எந்த மேலாளரும் ஏற்பதில்லை. வீடு திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

நாய்: 'துரத்தும்' என்னும் அடை எற்றுக்கெனின், படுத்திருக்கும் நாயை விலக்குதற்கு என்க. காலையில் வால்கூட ஆட்டாத நாய் இரவு ஒன்பதரைக்கு வேறு நாய். எனவே போன வழியே திரும்ப வேண்டும் என்ற நியதி இல்லை.

வலப்புறத் திருப்பம்: இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் திரும்புவது எதிரே வரும் ஊரையெல்லாம் கடப்பதாகும். இதற்குப் பொறியியல் கண்ட தீர்வு 2008இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலம். வலப்பக்கம் போக இடப்பக்கமாக ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். காருக்கு அது சுகம். சைக்கிள்காரருக்கோ, கிளைச்சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வரும் பஸ் எந்தப் பக்கம் ஒடிக்கும் என்பது ஒரு தியானம்.

வடை: இங்கேதான் முன்னோர் சறுக்கினர். இரண்டு இடங்களுக்கு இடையே குறுகிய வழி காணும் முறையை 1956இல் கண்டவர் நெதர்லாந்தின் டெய்க்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாமில் கடைத்தெருவில் அலைந்து களைத்து, ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல் இருபது நிமிடத்தில் கண்டார். அம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்தச் சாலைத் துண்டின் செலவும் பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் விடை தவறாகலாம். காபிக்கடையில் உட்கார்ந்து யோசித்தவர் காபிக்கடையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதை என்னென்பது!

டீக்கடை உள்ள தெருவின் செலவு பூச்சியத்துக்குக் கீழ்தான். காலை ஏழரை மணிக்கு மாஸ்டர் ஜல்லிக்கரண்டியில் பருப்பு வடையை அள்ளி, சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, எண்ணெய் வடியவிட்டுத் தட்டில் கொட்டுகிறார். ஓரத்துப் பருப்பு மட்டும் ஒரு படி கூடுதலாகச் சிவந்திருக்கிறது. வண்டியைவிட்டு இறங்காமலே ஒரு காலைத் திண்ணையில் ஊன்றி அதைப் பிய்க்கும்போது, அதுவரை மிதித்த களைப்பு கழிந்து, கொஞ்சம் மிச்சமும் நிற்கிறது. அப்படியானால் அந்தத் தெருவையே சுற்றிச்சுற்றி வந்து செலவை மேலும் குறைக்கலாமே எனின், அற்றன்று. இரண்டாவது வடைக்குமேல் பெடல் கனக்கும்.

ஜிஎஸ்டி சாலையிலும் டீக்கடை உண்டே எனின், உண்டு. ஆனால் பஸ் நிறுத்தத்தில் வண்டியைச் சாய்க்க இடம் இல்லை. பாதி வடையோடு நகர வேண்டியிருக்கும்.

ஆகவே தாம்பரம்–கிண்டிக்கு உள்வழியே வழி எனத் துணிக. பெருமழை நாளுக்குப் புறனடை உண்டு. அன்று சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும். சைக்கிளை வீட்டில் பூட்டிவிட்டு மின்சார ரயிலில் போங்கள்.