தலையணைக்கு அடியில் கை விடாதவர்

இரவு பத்தரை மணிக்கு மேல், ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏதாவது ஒரு படுக்கையறையில் இவர் இருப்பார். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, ஓரங்களையெல்லாம் உடம்புக்கு அடியில் செருகி, பொட்டலம் கட்டிய புளிசாதம்போல் மல்லாந்து கிடப்பார். அக்கினி நட்சத்திரத்திலும் அந்தப் போர்வை விலகாது. காதிலிருந்து கிளம்பும் வெள்ளை ஒயர் தலையணைக்கு அடியில் போய் மறையும். கண் இரண்டும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும். பாவம், தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். பேய்க்கதை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பகலில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ராகு காலம் பார்க்க மாட்டார். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டு நின்று, பிறகு தன் வழியில் போவார். முச்சந்தியில் குங்குமம் தடவிக் கிடக்கும் எலுமிச்சம்பழத்தின்மீது வண்டியை நேராக ஏற்றிப் போகிற ஆள். பேய்ப் படத்துக்குக் கூப்பிட்டால் கொட்டாவி விடுவார். "முகத்துல மாவைப் பூசிக்கிட்டுக் கத்துறதுக்கெல்லாம் பயப்பட முடியுமா சார்?" இவருக்கு வேண்டியது பழைய சரக்கு. நூறு வருஷமாவது ஊறிய சிறுகதை. அதை ஒருவர் உட்கார்ந்து நிதானமாக வாசிக்க வேண்டும். இவர் படுத்துக் கேட்க வேண்டும்.

புத்தகத்தை வாங்கிப் படித்துவிடலாமே என்றால், புத்தகத்தில் இவர் மோசடிக்காரர். கதை இருட்டு மாடிப்படியில் ஏறத் தொடங்கியதும் கட்டைவிரல் தானாகக் கடைசிப் பக்கத்தைத் தேடும். யார் செத்தார், யார் பிழைத்தார் என்று பார்த்துக்கொண்டு திரும்பி வந்து, தைரியமாக மேலே படிப்பார். வாசிக்கக் கேட்கும்போது இந்தப் பித்தலாட்டம் செல்லாது. எத்தனை படி ஏறுவது, எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குவது என்பதெல்லாம் வாசிப்பவர் கையில். முப்பது நொடி தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அது சரியாகக் கதவு திறக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

பொத்தான் இருக்கும் இடமும் சரியில்லை. எம். ஆர். ஜேம்ஸின் 'காஸ்டிங் தி ரூன்ஸ்' 1911-இல் புத்தகத்தில் வந்த கதை. டன்னிங் என்கிற பரம சாது, நடு ராத்திரியில் மணி பார்க்கலாமென்று கடிகாரத்துக்காகத் தலையணைக்கு அடியில் கை விடுவார். கையில் தட்டுப்படுவது ஒரு வாய். பல் இருக்கிறது, சுற்றிலும் மயிர் இருக்கிறது, மனித வாய் மட்டும் இல்லை. நம்மவர் இதைக் கேட்டபோது அவர் போன் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கதை முடிந்தது, அடுத்த கதை தானாகத் தொடங்கியது, அதுவும் முடிந்தது. நிறுத்தும் பொத்தான் தலையணைக்கு அடியில். கை போர்வைக்குள். இப்படி, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே இவர் கேட்டு முடித்த கதைகள் ஏராளம். போனை மேசைமேல் வைத்துக்கொண்டால் என்ன? மேசைக்குக் கை நீட்டப் போர்வையை விட்டு வெளியே வர வேண்டுமே.

ஜேம்ஸ் தலையணையோடு விடவில்லை. 1904-இல் வெளியான 'ஓ விசில்' கதையில் ஒரு பேராசிரியர் கடற்கரை விடுதியில் தங்குவார். அறையில் இரண்டு கட்டில். ஆள் படுக்காத கட்டிலின் விரிப்பு ஒரு ராத்திரி எழுந்து உட்காரும். அதற்கு முகமும் உண்டு, கசங்கிய துணியால் ஆன முகம். அன்று முதல், பால்கனிக் கொடியில் இரவில் வேட்டி காயக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாயிற்று. "ஏங்க, காரணம் என்ன?" என்று மனைவி கேட்டார். "பனி விழுது" என்றார். மே மாதம்.

காலிங் பெல்லும் போயிற்று. அதற்குக் காரணம் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ், 1902-இல் எழுதிய 'குரங்குப் பாதம்'. மூன்று வரம் தரும் காய்ந்த பாதம். முதல் வரத்தில் இருநூறு பவுன் வருகிறது, மகன் இயந்திரத்தில் சிக்கிச் செத்ததற்கு நஷ்ட ஈடாக. இரண்டாவது வரத்தில் அவனைத் திரும்பக் கேட்கிறார்கள். அப்புறம் கதவு தட்டப்படுகிறது. ஜேக்கப்ஸ் பெரும்பாலும் எழுதியது படகுக்காரர்களின் நகைச்சுவைக் கதைகள். சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் எந்த நொடியில் கதவைத் தட்டுவது என்று தெரியும் என்பது நம்மவரின் கட்சி. பாதத்துக்கு மந்திரம் ஏற்றியவர் இந்தியப் பக்கிரி என்று கதையில் வருவதில் இவருக்கு ஒரு தேசப் பெருமையும் உண்டு. பெருமை வேறு, பெல் வேறு. இரவு பதினோரு மணிக்கு யாரோ தவறான வீட்டில் பிரியாணி கொண்டுவந்து நின்றால் இவர் திறக்க மாட்டார். பிரியாணி மணம் இடுக்கு வழியாக உள்ளே வந்தாலும் திறக்க மாட்டார்.

எட்கர் ஆலன் போ இன்னும் மோசம். 1843-இல் வந்த அவருடைய கதையொன்றில், கொன்று பலகைக்கு அடியில் புதைத்த கிழவரின் இதயம் துடிக்கிற சத்தம் கொன்றவன் காதில் ஏறிக்கொண்டே போகும். இயர்போனை இறுக்கிச் செருகித் தலையணையில் காதை அழுத்திப் படுத்தால் நமக்கு நம் நாடித் துடிப்பு கேட்கும் என்பது உடற்கூறு. நம்மவர் அதை அந்த ராத்திரிதான் கண்டுபிடித்தார். கதை முடிந்து இயர்போனைப் பிடுங்கிய பிறகும் துடிப்பு நிற்கவில்லை.

இவ்வளவு பயந்தாலும் குரல் விஷயத்தில் இவர் விட்டுக்கொடுப்பதில்லை. மார்கழியில் சபா வாசலில் ரவா தோசை தின்றுகொண்டே வித்வானைக் கிழிக்கும் ரசிகரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே இனம். ஹாலிவுட்டில் பேய்க்கென்றே பெயரெடுத்த வின்சென்ட் பிரைஸ் 1970-இல் போவின் கதைகளைத் தொலைக்காட்சியில் நடித்துச் சொன்னார். "பிரமாதம், ஆனா கொஞ்சம் பிருகா ஜாஸ்தி" என்பார் இவர். 2000-இல் பிபிசிக்காக கிறிஸ்டோபர் லீ, ஜேம்ஸாகவே வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஜேம்ஸின் நான்கு கதைகளைச் சொன்னார். அதற்கு இவர் எழுந்து நின்று கும்பிடுவார். ட்ராகுலாவாக உலகத்தின் கழுத்தைக் கடித்த மனிதர் குரலை உயர்த்தவே இல்லையே! சிறுவனாக ஈட்டன் பள்ளி உதவித்தொகைக்கு நேர்முகம் போனபோது எதிரே இருந்தவர்களில் நிஜ ஜேம்ஸும் ஒருவர் என்று லீ எழுதியிருக்கிறார். குரு பரம்பரை என்று இவர் சிலிர்த்துக்கொள்வதும் இதற்குத்தான்.

அன்றாடப் பாட்டுக்கு லிப்ரிவாக்ஸ். 2005-இல் தொடங்கியது, காப்புரிமை தீர்ந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து இலவசமாகத் தருகிறார்கள். ஒவ்வொரு பதிவின் தலையிலும் இது பொதுச் சொத்து என்ற அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைக் கேட்டாலே இவருக்கு இப்போதெல்லாம் உள்ளங்கை வியர்க்கிறது. கிசுகிசுப்பவர், மூச்சு வாங்குபவர், பின்னால் காற்றுச் சத்தம் சேர்ப்பவர் எல்லோரையும் முதல் நிமிஷத்திலேயே தள்ளிவிடுவார். "பயமுறுத்தணும்னு நினைச்சு வாசிச்சா பயம் வராது சார். மளிகைக் கணக்கு வாசிக்கிற மாதிரி வாசிக்கணும். அப்பத்தான் வயித்தைக் கலக்கும்." ஜேம்ஸும் 1924-இல் ஒரு தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: மனிதர்கள் தம் பாட்டுக்கு இருக்கட்டும், அமைதியான அந்த இடத்தில் அது மெல்லத் தலையை நீட்டட்டும் என்று.

ஜேம்ஸை இவர் 'நம்ம ஜேம்ஸ்' என்றுதான் சொல்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தெரியாத்தனமாக "அப்புறம்?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேம்பிரிட்ஜின் பழஞ்சுவடி அறிஞர் ஜேம்ஸ் 1893 அக்டோபர் 28 அன்று 'சிட்சாட்' என்ற சிறு கழகத்தில் இரண்டு பேய்க்கதை வாசித்ததில் ஆரம்பிப்பார். பிறகு அது கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் வழக்கமானது. நண்பர்கள் அறையில் காத்திருப்பார்கள். ஜேம்ஸ் உள்ளறையிலிருந்து காகிதக் கத்தையோடு வருவார். ஒரே ஒரு மெழுகுவத்தியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஊதி அணைப்பார். அந்த வெளிச்சத்தில், வேறு யாருக்கும் புரியாத தன் கிறுக்கலைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். இதைச் சொல்லும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்போல நம்மவரின் குரல் தணியும். பக்கத்து இலைக்காரர் பாயசம் சாப்பிடாமலே எழுந்துவிடுவார்.

பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் யாராவது சொன்னால் எடுத்துப் போட இவரிடம் ஒரு சாட்சி உண்டு. 1816 ஜூன், ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டி. வெளியே ஓயாத மழை. உள்ளே பைரனும் நண்பர்களும் ஜெர்மன் பேய்க்கதைகளைப் பிரெஞ்சில் உரக்க வாசித்துப் பொழுதைப் போக்குகிறார்கள். ஒரு ராத்திரி பைரன் கோல்ரிட்ஜின் 'கிறிஸ்டபெல்' கவிதையைச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த ஷெல்லி அலறிக்கொண்டு அறையை விட்டு ஓடினார். மார்பில் கண்கள் உள்ள ஒரு பெண் மனக்கண்ணில் வந்துவிட்டாளாம். உடனிருந்த டாக்டர் பாலிடோரி முகத்தில் தண்ணீர் அடித்து ஈதர் கொடுத்ததாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 'ஃபிராங்கன்ஸ்டைன்' பிறந்ததும் அந்த மழைக்காலத்தில்தான். "மகாகவியே ஓடினார். நான் போர்வைக்குள்ளதானே இருக்கேன்?"

குலதெய்வம் என்று கேட்டால் விக்கிரமாதித்தன். சிறு வயதில் அம்புலிமாமாவில், வாளும் கையுமாகப் பிணத்தைத் தோளில் சுமந்து போகும் அந்த ராஜாவின் படத்தைப் பார்த்தபோது இவருக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. சுடுகாட்டு இருட்டில், தோளில் தொங்கிக்கொண்டு, காதருகே கதை சொன்ன வேதாளம்தான் உலகத்தின் முதல் இயர்போன். வாயைத் திறந்தால் அது முருங்கை மரத்துக்குப் போய்விடும். இவர் வாயைத் திறந்து ஜேம்ஸ் என்றால் வீட்டில் எல்லோரும் ஹாலுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு ரகசியம்: கடைசி ஐந்து நிமிஷம் கேட்காமல் பாக்கி வைத்த கதைகள் இவர் போனில் பதினான்கு இருக்கின்றன. தூக்கம் வந்துவிட்டது என்பார். ஜப்பானில் பழைய காலத்தில் நூறு திரி ஏற்றி வைத்து, ஒரு பேய்க்கதைக்கு ஒரு திரியாக அணைத்துக்கொண்டே வருவார்களாம். நூறாவது அணைந்தால் நிஜமாகவே ஏதாவது வந்துவிடும் என்று தொண்ணூற்றொன்பதோடு எழுந்து போய்விடுவதும் உண்டு. இந்தச் செய்தி கிடைத்தபோது இவருக்கு ஊர்க்காரரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

அந்த ஜப்பான் வழியில் வந்ததுதான் வினை. கிரேக்கத் தீவில் பிறந்து 1890-இல் ஜப்பானுக்குப் போன லாஃப்காடியோ ஹெர்ன், தம் பேய்க்கதைகள் பலவற்றை மனைவி செட்சு சொல்லக் கேட்டுத்தான் எழுதினார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, உன் வார்த்தையில் சொல் என்பாராம். விளக்குத் திரியைத் தாழ்த்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுக்கக் கேட்பாராம். 1904-இல் அவர் இறந்த பிறகு செட்சு இதையெல்லாம் நினைவுகூர்ந்து சொன்னார். நம்மவருக்கு ஆசை வந்தது.

"நீ ஒரு கதை வாசியேன்."

"எனக்குக் காலைல அஞ்சரைக்கு எழுந்திருக்கணும்."

"சின்னக் கதைதான்."

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை', 1943-இல் எழுதியது. அதில் பேய் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் மூக்குக்கு வந்துவிடும். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து, வாசிக்க ஆரம்பித்தார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. துவரம் பருப்பு அரை கிலோ, கடுகு நூறு கிராம் என்கிற அதே குரல். இரண்டாம் பக்கத்தில் நம்மவர் போர்வையைச் செருகினார். நாலாம் பக்கத்தில் அம்மாள் சட்டென்று நிறுத்தி, தலையை உயர்த்தி, மோப்பம் பிடித்தார்.

"ஏங்க, ஏதோ வாடை வரல?"

பதில் இல்லை.

"கேஸை மூடினீங்களா?"

அவரே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூடித்தான் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "போதும், மீதி நாளைக்கு" என்று நம்மவர் சொன்னது கேட்கவில்லை. குரல் வெளியே வந்ததா என்பதும் சந்தேகம். கடைசி வரிவரை வாசித்து, "நல்லாத்தான் எழுதியிருக்கார்" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்து, விளக்கை அணைத்து, இரண்டாவது நிமிஷத்தில் குறட்டை விட்டார்.

காலை அஞ்சரைக்கு அலாரம் அடித்தது, நம்மவரின் தலையணைக்கு அடியில். அவர் விழித்துத்தான் இருந்தார். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மாள் கண்ணைத் திறக்காமலே அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, தலையணைக்கு அடியில் விட்டுத் துழாவி, அதை நிறுத்தினார்.