வக்கீலுக்குப் படித்தவர் வக்கீல் ஆகும் விதம்: நியூயார்க்கிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு

சட்டம் படித்து முடித்தவர் வக்கீல் அல்லர். திருச்சியிலும் அல்லர், நியூயார்க்கிலும் அல்லர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் மட்டும் இந்த வேறுபாடு செல்லாது. அங்கே சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே பையன் 'வக்கீல் சார்' ஆகிவிடுகிறான். மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் வாடகைத் தகராறோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அப்பேர்ப்பட்ட பையன் அமெரிக்கா போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "இன்னும் ஒரு பரீட்சை பாக்கி" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், வீட்டில் சந்தேகம் எழுவது நியாயமே. ஒவ்வொரு வாரமும் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைக் காட்டிலும், நடைமுறை முழுவதையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுவது இரு தரப்புக்கும் செலவு குறைவு.

திருச்சியில் சட்டம் படிக்க இரண்டு வாசல்கள். ஒன்று 1979இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு, சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் கவுன்சிலிங் வழியாக இடம் கிடைக்கும். மற்றொன்று நவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். அதற்கு 'கிளாட்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. பள்ளியிலிருந்து நேரே போனால் ஐந்தாண்டு, ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் மூன்றாண்டு. இடையில் வக்கீல் அலுவலகங்களில் பயிற்சி என்று ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரமும் மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரமும் பார் கவுன்சில் விதியில் உண்டு. கட்டுகளைத் தேடி எடுப்பதும், சீனியருக்கு முன்னால் ஓடிப்போய் எந்த வழக்கு எந்த கோர்ட்டில் என்று பார்த்து வருவதும் அந்த வாரங்களின் பாடத்திட்டம்.

பட்டம் வந்ததும் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி மாநில பார் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே கவுன்சில். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு போய், வெள்ளைப் பட்டை கட்டி, கறுப்பு அங்கி போட்டு, உறுதிமொழி எடுத்து, கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுத் திரும்புவது வழக்கம். சட்டப்படி பதிவுக் கட்டணம் மாநிலத்துக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய்; தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125. ஆனால் மாநிலக் கவுன்சில்கள் இதரச் செலவுகள் என்று பல ஆயிரம் வாங்கிவந்தன. சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தைக் காக்க வருகிறவர்களிடம் சட்டத்துக்கு மேல் வாங்கப்பட்டது என்பதை உத்தர வீதிப் பெரியவர்கள் பெரிதாக ரசிக்கக்கூடும்.

அதற்கும் மேல் ஒரு தேர்வு உண்டு. அகில இந்திய பார் தேர்வு முதன்முதலில் நடந்தது 2011இல். 100 கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. குறிப்புகள் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகலாம். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் எடுத்தால் போதும். பரீட்சை முடிந்து கன்டோன்மென்ட் கோர்ட்டுக்குள் நுழைந்த பிறகே படிப்பு ஆரம்பம் என்பது அங்குள்ள எந்த சீனியரும் சொல்வது. வாய்தா எப்படிக் கேட்பது, குமாஸ்தாவிடம் எப்படிப் பேசுவது, நீதிபதியின் முகம் எப்போது மாறும் என்பதெல்லாம் எந்த வினாத்தாளிலும் வராது. ஜூனியர்களுக்கு மாதம் இன்ன தொகையாவது கொடுக்க வேண்டும் என்று 2024இல் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், திருச்சி உள்ளிட்ட பிற இடங்களில் 15,000. சுற்றறிக்கை இருக்கிறது, அதற்கு மேல் இங்கே எழுதுவது நாகரிகம் ஆகாது.

திருச்சியில் கற்றது அப்படியே கெட்டியாக நிற்கும் என்ற நம்பிக்கையும் 2024 ஜூலை 1 அன்று போயிற்று. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 போய் 103 ஆனது. ஏமாற்றுக்காரனை 'நானூத்தி இருபது' என்று நான்கு தலைமுறையாகத் திட்டிவந்த தமிழர்கள் இனி 318(4) என்று திட்ட வேண்டும். வாயில் நுழையவில்லை.

இதே ஆள் நியூயார்க்கில் தொழில் செய்ய விரும்பினால், முதலில் அங்கே உள்ள பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீல், ப்ளீடர், அட்வகேட் என்ற வேறுபாடுகள் அங்கே இல்லை, எல்லாரும் 'அட்டர்னி'. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. குடிமகன் அல்லாதவரை அந்த ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரிஃபித்ஸ் என்ற பெண்மணியின் வழக்கில் தீர்த்துவிட்டது. தேவையானது, படித்த படிப்பு அமெரிக்கப் படிப்புக்கு ஈடுதானா என்ற தீர்ப்பு. இதைச் சொல்வது ஆல்பனி நகரில் உள்ள சட்டத் தேர்வாளர் வாரியம். ஆங்கிலேய மரபுச் சட்டம் உள்ள நாட்டில், போதிய ஆண்டுகள் முறையாகப் படித்திருந்தால் நேரே பரீட்சைக்கு உட்கார வழியுண்டு. காலத்திலோ பாடத்திலோ குறை இருந்தால், அங்கீகாரம் பெற்ற அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் 24 கிரெடிட் கொண்ட எல்.எல்.எம். படித்து அந்தக் குறையை நிரப்ப வேண்டும். ஊரில் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்.

வாரியத்துக்கு வேண்டியது மதிப்பெண் பட்டியல். அது மாணவர் கையிலிருந்து போகக் கூடாது. படித்த நிறுவனமே உறையில் போட்டு, முத்திரையிட்டு, நேராக ஆல்பனிக்கு அனுப்ப வேண்டும். பரீட்சையைக் காட்டிலும் இந்த உறையே கடினம் என்பது அனுபவஸ்தர் கருத்து. நம் ஊர் அலுவலகங்களில் ஒரு காகிதம் சம்பந்தப்பட்டவரின் கையில் தரப்படுவதே மரியாதை. அவரை விட்டுவிட்டு ஏழு கடல் தாண்டி யாருக்கோ ஏன் அனுப்ப வேண்டும் என்பது எழுத்தருக்குப் புரிவதில்லை. "பையனே வந்து வாங்கிக்கட்டும்" என்று அன்போடு எடுத்து வைத்துவிடுவார். பையன் நியூயார்க்கில். அவன் சார்பில் வாங்கப் போன மாமா, உள்ளே சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவார். பிரித்த உறை செல்லாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி மாமா.

உறை போய்ச் சேர்ந்து அனுமதி கிடைத்தால் பரீட்சைக் கட்டணம். அமெரிக்கப் பட்டதாரிக்கு 250 டாலர், வெளிநாட்டுப் பட்டதாரிக்கு 750. பார் கவுன்சிலில் கட்டிய அதே 750தான். முன்னால் உள்ள குறி மட்டும் வேறு.

பரீட்சை ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி மற்றும் ஜூலையின் கடைசி வாரத்தில், இரண்டு நாட்கள். 2016 ஜூலையிலிருந்து நியூயார்க் பல மாநிலங்களுக்குப் பொதுவான தேர்வையே நடத்துகிறது. 2028 ஜூலையில் புதிய வகைத் தேர்வுக்கு மாறப்போகிறது. இப்போதைய முறையில் செவ்வாய்க்கிழமை எழுத்து: ஒரு கற்பனை வழக்குக் கட்டைக் கொடுத்து 90 நிமிடத்தில் குறிப்பாணையோ மனுவோ தயாரிக்கச் சொல்லும் வேலை இரண்டு, அரை மணிக்கு ஒன்றாகக் கட்டுரைகள் ஆறு. புதன்கிழமை, காலையில் 100, மாலையில் 100 என 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். நான்கும் சரி போலவே தோன்றும். மொத்தம் 400க்கு 266 வேண்டும். சட்டப் புத்தகம் கொண்டுபோவது என்ற பேச்சே இல்லை. உடைமைகள் எல்லாம் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பையில். விபூதிப் பொட்டலத்தைப் பையில் வைப்பது பற்றி விதிகள் மௌனம் சாதிப்பதால், நெற்றியில் வைத்துக்கொண்டு போவதே உத்தமம்.

பாடங்களில் சில பழைய முகங்கள். யாருக்கும் சேராமல் தலைமுறை தலைமுறையாகச் சொத்தைக் கட்டிப்போடக் கூடாது என்ற விதி 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உயிரோடு உள்ளவரின் ஆயுள், அதற்கு மேல் பிறக்கும் வாரிசு மேஜராகும் வரை என்பது நம் கணக்கு. ஆங்கிலேய மரபில் அந்த ஆயுளுக்கு மேல் 21 ஆண்டு. ஸ்ரீரங்கம் கோவிலின் கோபுரங்களும் 21 என்பதால் இந்த எண்ணை மறப்பதற்கு வழியில்லை. ஆனால் ஜூரியும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டமும் புதிது. பரீட்சைக்கு முந்திய வாரம் உச்சிப் பிள்ளையாரிடம் படியேறும் பழக்கம் உள்ளவர்கள் 7ஆம் எண் ரயிலைக் கடைசி வரை பிடித்து ஃப்ளஷிங் கணபதி கோவிலுக்குப் போகிறார்கள். படிகள் குறைவு, கீழே கான்டீனில் தோசை உண்டு.

வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தேர்ச்சி விகிதம் அமெரிக்கப் பட்டதாரிகளுடையதைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது. முதல்முறை தவறினால் வீட்டில் அழ வேண்டியதில்லை. ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் இதே நியூயார்க் தேர்வில் இரண்டு முறை தவறி, 1990இல் மூன்றாம் முறை தேறினார். அவருடைய தோல்வி செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்தது. உத்தர வீதிப் பையனின் தோல்வி மாமி ஒருவர் வாயளவில் முடிந்துவிடும். அது வேகத்தில் செய்தித்தாளுக்குக் குறைந்ததல்ல.

பெரிய பரீட்சையைச் சுற்றிச் சில்லறைப் பரீட்சைகள். தொழில் ஒழுக்கம் பற்றி இரண்டு மணி நேரத்தில் 60 கேள்விகள், தேர்ச்சி மதிப்பெண் 85. நியூயார்க்கின் சொந்தச் சட்டம் பற்றி இணையத்தில் சுமார் 15 மணி நேர வகுப்பு, பிறகு 50 கேள்வி, 30 சரியாக இருந்தால் போதும். இவை தவிர, கட்டணமில்லாமல் 50 மணி நேரம் சட்டத் தொண்டு. அதை வெளிநாட்டில் செய்தாலும் மேற்பார்வையிட்ட வக்கீல் கையெழுத்திட்டால் கணக்கில் சேரும். திண்ணையில் எதிர்வீட்டுக்காரருக்குச் சொன்ன யோசனை சேராது.

தேறிய பிறகு நன்னடத்தை விசாரணை. குடியிருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், கடன், வழக்கு எல்லாம் படிவத்தில் எழுதி, சட்டம் சார்ந்த வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் உறுதிமொழிப் பத்திரம் பெற வேண்டும். கன்டோன்மென்ட் சீனியரிடம் கையெழுத்துக் கேட்டால், "என்கிட்ட எப்ப வேலை பார்த்தான்? சும்மா வந்து உட்கார்ந்திருந்தான்" என்பார். சம்பளம் கொடுக்காததால் அவர் கணக்கில் அது வேலை இல்லை. அவரைச் சமாதானப்படுத்த யாராவது ஒரு பலகாரப் பொட்டலத்தோடு நேரில் போவது நல்லது. தேர்ச்சி பெற்ற மூன்றாண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது மேல்முறையீட்டுப் பிரிவின் நான்கு துறைகளில் ஒன்று. மன்ஹாட்டன்காரருக்கு முதல் துறை, குயின்ஸ்காரருக்கு புருக்ளினில் உள்ள இரண்டாம் துறை, வெளியூர்க்காரருக்கு ஆல்பனியில் மூன்றாம் துறை. அங்கே உறுதிமொழி எடுத்ததும் ஆள் அட்டர்னி. வீட்டில் கேட்கும் 'கறுப்பு அங்கி போட்ட போட்டோ' வராது. அமெரிக்காவில் அங்கி நீதிபதிக்கு மட்டும். அட்டர்னி சாதாரண கோட்டில்தான் நிற்பார். போட்டோவைப் பார்ப்பவர்கள் கல்யாண வரவேற்பு என்று நினைத்துவிடாதபடி கீழே எழுதிக் கொடுக்கலாம். அதன் பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை 375 டாலர் பதிவுக் கட்டணம், முதல் இரண்டு ஆண்டுகளில் 32 மணி நேரத் தொடர் கல்வி, பிறகு இரண்டாண்டுக்கு 24. "இன்னும் பரீட்சை இருக்கா" என்ற கேள்விக்கு விடை: பரீட்சை இல்லை, வகுப்பு உண்டு.

ஸ்ரீரங்கத்தில் வக்கீல் என்று யாரைப் பார்த்தாலும் கேட்கப்படும் அடிமனை விஷயம் ஒன்று மீதியிருக்கிறது. வீடு நம்முடையது, அதன் கீழுள்ள மண் பெருமாளுடையதா என்ற அந்தத் தகராறில் நியூயார்க் உரிமம் ஒரு கையெழுத்துக்கும் உதவாது. இந்திய நீதிமன்றத்தில் ஆஜராக இந்தியப் பதிவு வேண்டும். அந்தப் பதிவை வைத்திருந்தாலும், முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் அதைக் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே பத்திரங்களை எடுத்துக்கொண்டு கன்டோன்மென்ட் போய், அந்த சீனியரையே பார்க்கலாம். பலகாரம் கொண்டுபோகும் அதே நாளில் போனால் ஆட்டோ செலவு ஒன்று மிச்சம்.