வடம் பிடிக்க வேண்டிய இடம்

கேள்வி: மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். மத்திய அரசின் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்து மாதங்கள் ஓடிவிட்டன. ரங்கநாதரை வேண்டுவதைத் தவிர வேறென்ன செய்ய?
– ஒரு தாய், காரமடை

பதில்: வேண்டிக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் மாசி மகத்தில் அவர் தேரே ஊர் கூடி வடம் பிடித்தால்தான் நகர்கிறது! விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பது கல்லூரிதான். அங்கே போய்க் கேளுங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிடைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள்: ஸ்காலர்ஷிப்பை அடுத்த ஆண்டு புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும்.