சைக்கிள் படி 180 ரூபாய்

எண்பதுகளில் நான் போஸ்ட்மேனாகச் சேர்ந்தபோது சங்கச் செய்தி தபாலில்தான் வரும். மட்டத் தாளில் அச்சடித்த மாத இதழ், பத்திரிகைக்கான சலுகைக் கட்டணத்தில், மற்ற கட்டுகளோடு கட்டாக வந்து விழும். சார்ட்டிங் மேஜையில் அதைப் பிரிக்கிறவர்தான் முதல் வாசகர். பஞ்சப்படி எத்தனை சதவீதம், எந்தக் கோரிக்கை எந்த மேஜையில் தூங்குகிறது என்பதெல்லாம் அவர் வாயால்தான் எங்களுக்குத் தெரியவரும். அதனால் கிளைச் செயலாளரைவிட அவருக்கு மரியாதை அதிகம். அந்தப் பஞ்சப்படியை இதழ் வருவதற்குள் வாங்கிச் செலவும் செய்திருப்போம் என்பது வேறு விஷயம்.

இப்போது டெல்லியில் உத்தரவு கையெழுத்தான சூட்டோடு பி.டி.எஃப். வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. தபால்காரர் சங்கத்துக்கே தபாலில் நம்பிக்கை போய்விட்டது. செய்தி எதுவானாலும் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் விழும். விவசாயிகள் போராட்டத்துக்கு நன்கொடை கொடுத்தது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, 2023 ஏப்ரலில் எங்கள் என்.எஃப்.பி.இ. சம்மேளனத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தார்கள். அந்த உத்தரவுக்கும் ஒரு தோழர் கும்பிடு போட்டிருந்தார். படித்துவிட்டுப் போட்டாரா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதெல்லாம் வாயிற்கூட்டம் என்றால் 1968 செப்டம்பர் 19-ல்தான் ஆரம்பிக்கும். வாழ்வதற்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர்கள் செய்த ஒரு நாள் வேலைநிறுத்தம் அது. அந்த ஒரு நாளுக்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு, வேலை போனவர்கள் உண்டு. அதைப் பார்த்த பெரியவர்கள் பேச ஆரம்பித்தால், பீட்டுக்குக் கிளம்ப நேரமாகிறதே என்று நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம். இன்று நான் பேச எழுந்தால் பையன்கள் செல்போனைப் பார்க்கிறார்கள். மரபு அறுந்துவிடவில்லை.

என் காலத்துச் சொத்து சைக்கிள்தான். முன்னால் தொங்கும் காக்கிப் பை, பின் கேரியரில் பழைய டியூபை அறுத்துக் கட்டிய பார்சல், மழைக்கு அக்குளில் ஒரு குடை. கோடையில் தார் உருகும் ரோட்டில் டயர் ஒட்டும், மணி எம்.ஓ. நாளில் மட்டும் அடித்தால் போதும், மற்ற நாளில் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். பஞ்சர் கடையில் எனக்குத் தனிக் கணக்கு நோட்டு இருந்தது. சைக்கிள் பராமரிப்புக்கென்று ஒரு படி வரும். அந்த நோட்டின் ஒரு பக்கத்தைக்கூட அது அடைக்காது. படியை உயர்த்து என்று கோஷம் போட்டே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

கோரிக்கை கடைசியில் நிறைவேறியது. ஏழாவது ஊதியக் குழு இந்தப் படியே வேண்டாம் என்று பரிந்துரைக்க, 2017-ல் அரசு மனமிரங்கி, தபால்காரர்களுக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் மட்டும் அதைத் தொடர்ந்தது. தொடர்ந்ததோடு, மாதம் 90 ரூபாயை இரட்டிப்பாக்கி 180 ஆக்கியது. இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அன்று எங்கள் ஆபீஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. அது டீ கொண்டுவரும் பையனுடையது. மற்றதெல்லாம் மோட்டார் பைக். 180 ரூபாய்க்கு இன்று இரண்டு லிட்டர் பெட்ரோல்கூட வராது.

போனஸும் இதே ஜாதிதான். 60 நாள் போனஸ் என்று தலைப்புச் செய்தி வந்ததும் பால்காரர் முதல் மாமியார் வரை கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். சம்பளம் எவ்வளவானாலும் மாதம் 7,000 ரூபாய் என்றே வைத்துக் கணக்கிடும் உச்சவரம்பு அவர்களுக்குத் தெரியாது. 13,816 ரூபாய் கைக்கு வரும்போது, மீதியை எங்கே ஒளித்துவைத்தாய் என்ற பார்வைதான் மிச்சம்.

இதெல்லாம் இலாகாவுக்குள்ளே இருந்தவர்களின் செல்லக் குறை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், அதாவது இ.டி. ஊழியர்கள். அவர்களும் அரசின் சிவில் பதவி வகிப்பவர்களே என்று 1977-லேயே ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதவி உண்டு, பென்ஷன் கிடையாது. இந்த வேலைக்கு இன்னொரு விசித்திரமான தகுதி: பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும். இந்தச் சம்பளம் தேவையில்லாதவருக்குத்தான் இந்தச் சம்பளம். 2001-ல் அவர்களை கிராமின் டாக் சேவக், சுருக்கமாக ஜி.டி.எஸ்., ஆக்கினார்கள். அவர்கள் சம்பளத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 2018 மே 22-ல் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகே அறிக்கைக்கு உயிர் வந்து, ஜூன் 6-ல் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. தபால் கொண்டுபோகிறவருக்கு தினம் நாலு மணி நேர வேலைக்கு மாதம் 10,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 12,000. எங்கள் தலைமுறையில் யாரும் வாங்கித் தராத உயர்வு இது, ஒத்துக்கொள்கிறேன்.

போன நவம்பரில் எங்கள் பகுதி ஜி.டி.எஸ். பெண் என் வீட்டுக்கு வந்தது. கடிதம் எதுவும் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீஸுக்கு டிஜிட்டல் சான்றிதழ் அனுப்ப, போஸ்ட் பேங்க் கட்டணம் 70 ரூபாய். கையடக்க மெஷினில் விரலை வைக்கச் சொன்னது. ஆயுள் முழுக்க ஸ்டாம்பு மையிலும் கோந்திலும் தேய்ந்த விரல், மெஷின் ஏற்கவில்லை.

“துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்கய்யா.”

இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது. மணி ஆறு தாண்டியிருந்தது.

“நாலு மணி நேர வேலைதானேம்மா உனக்கு?”

“கணக்குல நாலுதாங்கய்யா.”

“சங்கத்துல இருக்கியா?”

“குரூப்ல இருக்கேங்கய்யா.”

சில்லறை இல்லை என்று நூறு ரூபாய் கொடுத்தேன். மீதியை நீயே வைத்துக்கொள் என்றதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டு, கியூ.ஆர். அட்டையை நீட்டியது.