சன்ஷேடு அரசங்கன்றும் ஒத்திப்போடுதலின் கேடுகளும்

முதற்போரில் ஆயுதமெல்லாம் இழந்து நின்ற இராவணனை, இன்றைக்குப் போய்விட்டு நாளைக்கு வரும்படி இராமன் அனுப்பிவைத்த கதையைக் கம்பராமாயணம் கேட்டவர்கள் அறிவார்கள். நம் பட்டிமன்றங்கள் இராமனின் பெருந்தன்மையைப் பேசிக் கைதட்டு வாங்குவதோடு நின்றுவிடுகின்றன. மறுநாள் என்ன நடந்தது என்பதை யாரும் ஆராய்வதில்லை. இராவணன் வரவில்லை. வீட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பி அனுப்பினான். அந்தத் தம்பியோ தூக்கத்துக்கே பேர்போனவன். அவனுக்குப் பின் மகன்கள் போனார்கள். எல்லோரையும் அனுப்பித் தீர்த்த பிறகே தேரில் ஏறினான். தன் வேலையை வீட்டில் உள்ளவர்கள் தலையில் கட்டி நாளைக் கடத்திய குடும்பத்தலைவர்களில் காலத்தால் முந்தியவன் என்ற வகையில் அவனுக்கு இவ்வாய்வு முதல் வணக்கம் செலுத்துகிறது.

ஒத்திப்போடுகிறவர் சோம்பேறி என்பது பாமரக் கருத்து. நமக்கு அதில் உடன்பாடில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய ஜூலை கடைசி வாரத்தில் ஒரு குடும்பத்தலைவரைக் கவனித்தால் போதும். பரணில் கிடக்கும் தகர டின்களுக்கு அன்றுதான் விடிவுகாலம். மின்விசிறியின் இறக்கைகள் ஈரத்துணியால் துடைக்கப்படும். பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் நட்டும் போல்ட்டும் அளவுவாரியாகப் பிரிக்கப்படும். ஃபாரம் 16 எந்தப் பையில் இருக்கிறது என்று மட்டும் தேடப்படாது. இத்தனை உழைப்பு ஒரு சோம்பேறியால் ஆகிற காரியமா?

இத்தொழிலுக்கு வேண்டிய கருவிகளில் தலையாயது தினசரிக் காலண்டர். ராகுகாலம் ஒன்றரை மணி நேரம், எமகண்டம் ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணி நேரப் பகலில் கால் பங்கு அங்கேயே ஒழிந்தது. வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் அஷ்டமி, நவமி வருவதால் மாதத்துக்கு நான்கு நாள் போகும். சந்திராஷ்டமம் என்று இரண்டேகால் நாள். செவ்வாயும் சனியும் பலருக்கு ஆகாது. ஆடியிலும் மார்கழியிலும் எதையும் தொடங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கலாம், மழை விடாது. மிச்சம் இருக்கும் நல்ல நேரத்தில் ஊரில் யாருக்காவது கல்யாணம் வந்துவிடும். பஞ்சாங்கத்தின் மேல் பழிபோடுவது நம் நோக்கமல்ல. புதுப்படத்தின் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுக்க ராகுகாலம் பார்த்தவரை இதுவரை நாம் சந்தித்ததில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

இனி ஆய்வுப் பொருளுக்கு வருவோம். அரசம்பழம் தின்ற மைனாவோ காகமோ சன்ஷேடின் மேல் எச்சமிட்டுப் போகிறது. அதில் இருப்பது கடுகைவிடச் சிறிய விதை. சுவரும் சன்ஷேடும் சேரும் மூலையில் கொஞ்சம் தூசியும் ஈரமும் இருந்தால் அதற்குப் போதும். ஒரு மழைக்குப் பிறகு செம்பு நிறத்தில், நுனி வாலாக நீண்ட தளிர் இரண்டு எட்டிப் பார்க்கும். இந்தக் கட்டத்தில் இரண்டு விரலால் கிள்ளியெடுத்துவிடலாம். காலணா செலவில்லை.

“ஏங்க, அந்தச் செடியைப் பிடுங்கிப் போடக்கூடாதா?”

“ஏணி வரட்டும், பிடுங்கறேன்.”

ஏணி எதிர்வீட்டில் இருக்கிறது. அது இவர் வீட்டு ஏணிதான். இரவல் போனதைத் திருப்பிக் கேட்பது நிலுவையில் உள்ள இன்னொரு வேலை.

அடுத்த மழைக்குள் வேர் செங்கல் இடுக்கில் நுழைந்துவிடும். அப்போது இழுத்தால் தண்டு கையோடு வரும். உள்ளே தங்கிய வேர் மறுபடி துளிர்க்கும். வேர் பருக்கப் பருக்கப் பூச்சில் விரிசல் விழும். விரிசல் வழியே இறங்கும் மழைநீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவாக்கும். துருவுக்கு ஒரு குணம் உண்டு: தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து, சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, கீழே நிற்கும் ஸ்கூட்டர் சீட்டில் விழும். இனி விரல் போதாது. சாரம் கட்டவேண்டும், கொத்தனாரும் சித்தாளும் வரவேண்டும். அந்த நேரம் பார்த்து மாமியார் ஊரிலிருந்து வந்து, “அரசமரம் சாமி மரம், மாப்பிள்ளை. வெட்டினா குடும்பத்துக்கு ஆகாது” என்பார். இரண்டு இலையாக இருந்தவரை அது களை. தோள் உயரம் வந்தபின் அதற்குத் தெய்வாம்சம் வந்துவிடுகிறது. தள்ளிப்போட்ட வேலை வளர்வதோடு நில்லாமல் அந்தஸ்தும் பெறுகிறது என்பதே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு.

சொத்தைப் பல்லும் அப்படித்தான். எனாமலில் நரம்பு கிடையாது, ஆகவே தொடக்கத்தில் வலியும் கிடையாது. அடைத்தால் தீர்ந்திருக்கும் ஓட்டை உள்ளே நரம்புவரை இறங்கியபின் ரூட் கெனால் ஆகிறது, அதன்மேல் கேப் ஏறுகிறது, பிறகு அந்தப் பல்லை வீட்டு நகைகளோடு வைத்து எண்ணவேண்டியதுதான்.

ஒத்திப்போடுகிறவர் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்று டைஸ், பாமைஸ்டர் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். பருவத் தொடக்கத்தில் தள்ளிப்போடுகிறவர்களே நிம்மதியாக இருந்தார்கள்; நோயும் குறைவு. பருவம் முடியும்போது அவர்களுக்குத்தான் அதிக அழுத்தம், அதிக நோய், குறைந்த மதிப்பெண். அங்கே மாணவர் தனியாகப் படுத்தார். இங்கே வீடே படுக்கிறது. ஜூலை 31 இரவு பதினொரு மணிக்கு மனைவி பீரோவைக் குடைந்து காப்பீட்டு ரசீது தேடுகிறார். மகள் மறந்துபோன பாஸ்வேர்டை ஊகிக்கிறாள். ஓடிபி வருமென்று மகனின் போன் பறிமுதல் ஆகிறது. தலைவர் நடுவில் உட்கார்ந்து சர்வரைத் திட்டுகிறார். இராவணன் காட்டிய வழி இன்னும் தூர்ந்துபோகவில்லை.

அரசின் பங்களிப்பைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவர்கள் ஆவோம். பான் எண்ணை ஆதாரோடு இணைக்கவேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. கெடு நகர்ந்தது, மீண்டும் நகர்ந்தது. 2022 மார்ச் வரை காசில்லாமல் செய்யக் கிடைத்த வேலை அது. ஏப்ரலில் 500 ரூபாய் ஆயிற்று, ஜூலையில் 1,000 ஆயிற்று. 2023 ஜூன் 30-க்கும் அசையாதவர்களின் பான் எண் மறுநாள் முதல் செயலிழந்தது. வங்கி வட்டியில் 10 விழுக்காடு பிடித்த வரி 20 ஆயிற்று. அரசங்கன்றைப் போலவே இதுவும் அந்தஸ்து பெற்ற கதைதான். 2025-இல் வரிக்கணக்கின் ஜூலை 31 கெடு செப்டம்பர் 15 ஆனது. பிறகு இன்னும் ஒரு நாள் கூட்டி 16 ஆக்கினார்கள். ஜூனிலேயே தாக்கல் செய்துவிட்டவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பந்தியில் முதலில் உட்கார்ந்து பாயசத்தைத் தவறவிட்ட முகம்.

இந்நோய் அண்டாத ஒரு கூட்டமும் உண்டு. மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று தரவேண்டும். எண்பது வயதானவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம். 2014-இல் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணுச் சான்று வந்தபின் அலையாமல் முடிக்கவும் வழி இருக்கிறது. ஆனாலும் வங்கி திறக்குமுன்பே படியில் வரிசை நிற்கும். தேய்த்த சட்டை, மஞ்சள் பையில் பாஸ்புக், ஆதார் நகல் இரண்டு, கைவசம் சொந்தப் பேனா. ரேகை தேய்ந்த கட்டைவிரலை வேட்டி முனையில் துடைத்துத் துடைத்துக் கருவியில் வைப்பார்கள். அப்படியொரு அக்டோபர் காலையில் பெரியவரைக் கூட்டிவந்த மகன் அலுத்துக்கொண்டான்.

“நவம்பர் கடைசி வரைக்கும் டைம் இருக்குப்பா. இன்னிக்கேவா வரணும்?”

“நவம்பர் இருக்கும்டா. நான் இருக்கணுமே?”